பாத்திமா: ஒரு பெயரின் சொற்பொருளும் சமூகப் பொருளும் – ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

1

பெயர்களின் பொருளை ஆராயும் முயற்சி தமிழிலே பெரும்பாலும் இருவகையாக நடைபெற்று வந்துள்ளது. ஊர்ப்பெயர், மன்னர் பெயர், குலப்பெயர் ஆகியவற்றின் வேர்ச்சொல்லைத் தேடி இனத்தின் பழைமையை நிலைநாட்டுவது ஒன்று. குழந்தைக்குப் பெயர்சூட்ட விரும்பும் பெற்றோருக்கெனப் பெயர்களையும் அவற்றின் எதிரே ஒற்றைவரிப் பொருளையும் அச்சிட்டு வழங்குவது மற்றொன்று. முன்னது வரலாற்றை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் சாமானியரின் பெயரைப் பொருட்படுத்துவதில்லை. பின்னது சாமானியரின் பெயரைப் பொருட்படுத்துகிறது. ஆனால் வரலாற்றை விலக்கிவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. பெயரின் பொருள் சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது என்றும், அகராதியைத் திறந்தால் அது வெளிப்பட்டுவிடும் என்றும் அவை நம்புகின்றன. இது கருத்துமுதல்வாத நோக்கு என்பதில் ஐயமில்லை.

பெயர் என்பது மனிதர் மனிதரை அழைப்பதற்காகப் படைத்துக்கொண்ட சமூகக் கருவி. எந்த உற்பத்தி உறவுகளுக்குள்ளே அது வழங்குகிறதோ அவ்வுறவுகள் அதன் பொருளை இடையறாது மாற்றிக்கொண்டிருக்கின்றன. இக்கருத்தினை ஒரே ஒரு பெயரைக்கொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொள்ளும் பெயர் ‘பாத்திமா’. களம் பதுளையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களும். பதுளை, பண்டாரவளை, வெலிமடை ஆகிய நகரங்களின் கடைத்தெருக்களிலும், குருத்தலாவ, சில்மியாபுர போன்ற முஸ்லிம் கிராமங்களிலும் வழங்கும் இப்பெயர், தோட்டத்து லயங்களில் வாழும் கத்தோலிக்கத் தமிழரிடையேயும் ‘பாத்திமா மேரி’, ‘பாத்திமா ராணி’ என வழங்குகின்றது. ஒரே பெயர் இருவேறு சமயத்தாருக்கு எவ்வாறு உரியதாயிற்று என்ற வினாவே நம்மை இவ்வாய்வுக்கு இட்டுச் சென்றது.

2

அரபு மொழியிற் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து பிறப்பன. பாத்திமா என்ற பெயர் ‘ஃப-த-ம’ என்னும் வேரிலிருந்து தோன்றியது. இதன் நடுமெய் அரபிலே அழுத்தி ஒலிக்கப்படும் தகரமாகும். வெட்டுதல், பிரித்தல் என்பது இவ்வேரின் பொதுப்பொருள். பாலருந்தும் குட்டியையோ குழந்தையையோ பால் மறக்கச் செய்தல் என்பது சிறப்புப்பொருள். வடிவத்தால் இப்பெயர் பெண்பால் வினையெச்சமன்று. செய்பவளைக் குறிக்கும் பெண்பால் வினையாலணையும் பெயராகும். எனவே ‘பால் மறக்கச் செய்பவள்’ என்பதே இதன் நேர்ப்பொருள். பெயர்ப்பட்டியல் நூல்கள் இதற்குத் ‘தூய்மையானவள்’, ‘கற்புடையவள்’ என எழுதும் பொருள்கள், இப்பெயரைத் தாங்கிய ஒருவரின் சிறப்புப் பின்னாளிற் பெயரின்மேற் படிந்ததால் ஏற்பட்டவை.

இவ்வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல், கன்றைப் பால் மறக்கச் செய்துவிட்ட பெண் ஒட்டகத்தைக் குறிக்கும் எனப் பழைய அரபு அகராதிகள் கூறும். இது மிகுந்த கவனத்துக்குரியது. மேய்ச்சற் பொருளாதாரத்திலே கன்று பால் மறக்கும் நாள் சாதாரண நாளன்று. அன்றிலிருந்து ஒட்டகத்தின் பால் மனிதருக்கு முழுமையாகக் கிடைக்கும். கன்று தனி உயிராக மந்தையிற் சேரும். பால், கன்று, மனித உழைப்பு ஆகிய மூன்றின் உறவு மாறும் நாள் அது. இப்பெயரின் அடியிலே பாலைநில மேய்ப்பர்களின் உழைப்பனுபவம் படிந்திருக்கிறது என நாம் கருதுவதற்கு இதுவே காரணம்.

பெண்குழந்தைக்கு இப்பெயரிடுவதை ஒரு வாழ்த்தாக விளக்குவதுண்டு. அவள் வளர்ந்து, தாயாகி, தன் பிள்ளையைப் பால் மறக்கும் பருவம்வரை காத்து வளர்க்கவேண்டும் என்பதே அவ்வாழ்த்து. குழந்தைகள் முதலாண்டிலேயே பெருந்தொகையாக மடிந்த சமூகத்தில் இதைவிடப் பெரிய வாழ்த்து இருந்திருக்க முடியாது.

இப்பெயர் இஸ்லாத்துக்கு முற்பட்டது என்பதும் ஈண்டு வற்புறுத்தத்தக்கது. நபிகள் நாயகத்தின் தந்தைவழிப் பாட்டியாரின் பெயரும், அலீ அவர்களின் தாயாரின் பெயரும் பாத்திமாவே. நபிமகளார் பாத்திமா அவர்களுக்குப் பின்னரே இது சமயப்பெயர் என்ற நிலையை அடைந்தது. 909ஆம் ஆண்டு முதல் 1171ஆம் ஆண்டுவரை வட ஆபிரிக்காவிலும் எகிப்திலும் ஆண்ட பாத்திமிய அரசமரபு, அவரது வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்டமையால் இப்பெயர் அரசியற் பெயராகவும் ஆயிற்று.

சமயமரபு இப்பெயருக்கு வேறொரு விளக்கம் தருகின்றது. இறைவன் அவரையும் அவரை நேசித்தோரையும் நரக நெருப்பினின்றும் பிரித்துவிட்டான் என்பது அது. இவ்விளக்கத்திலே செய்வினை செயப்பாட்டுவினையாக மாறியிருப்பதைக் காணலாம். பிரிப்பவளாக இருந்தவள் பிரிக்கப்பட்டவளாகின்றாள். மொழியியலாளருக்கு இது சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் செய்பவளா, செய்யப்படுபவளா என்ற இவ்வினா கட்டுரையின் பிற்பகுதியிலே தோட்டத்தை நோக்கும்போது மீண்டும் எழும்.

3

ஊவாவுக்கு இப்பெயர் இரு வழிகளால் வந்து சேர்ந்தது.

முதலாவது வழி வணிக வழி. கண்டி இராச்சியக் காலத்திலே கரையோரத்துக்கும் மலைநாட்டுக்குமிடையே பொதிமாடுகளின் மூலம் உப்பு முதலான பண்டங்களைக் கொண்டுசென்ற தவள வணிகத்தில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தனர். 19ஆம் நூற்றாண்டிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் மலைகளை மூடியபோது, தமிழகக் கரையோரத்திலிருந்து வந்த முஸ்லிம் வணிகரும் தோட்ட நகரங்களிற் கடைகளைத் திறந்தனர். ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது 1886இல். புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது 1924இல். இவ்வரலாற்றோடு இணைந்து வந்த பாத்திமா, ‘பாத்தும்மா’ என்றும் ‘பாத்துமுத்து’ என்றும் தமிழுருப் பெற்றாள். பின்னைய வடிவத்திலே அரபு வேரின் இறுதி மெய் தமிழ் ‘முத்து’க்குள் மறைந்துபோயுள்ளது. இலங்கையிற் பரவலாக வழங்கும் ‘சித்தி பாத்திமா’ என்ற வடிவத்திலுள்ள ‘சித்தி’, சீமாட்டி என்ற பொருள்படும் அரபுச் சொல்; மலாய் மக்களிடையேயும் அது பெயர்முன் வரும். தமிழ்ச் செவிக்கு அது தாயின் தங்கையாகவும் ஒலிக்கிறது. மரியாதைச் சொல் உறவுச்சொல்லாகக் கேட்பது மக்கள் மொழியின் இயல்பு.

இரண்டாவது வழி நீண்டது. ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதி பல நூற்றாண்டுகள் முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அதன் எச்சமாகப் போர்த்துக்கலிலே பாத்திமா என்ற பெயருடன் ஒரு சிற்றூர் நிலைத்தது. சிறைப்பட்டுக் கிறித்தவளாகிய ஒரு முஸ்லிம் இளவரசியின் பெயரால் அவ்வூர் அழைக்கப்பட்டது என்பது அந்நாட்டுப் பழங்கதை. 1917ஆம் ஆண்டு அவ்வூரில் ஆடு மேய்த்த மூன்று சிறார்கள் தேவமாதாவின் காட்சியைக் கண்டதாக அறிவித்தனர். அதன்பின் ‘பாத்திமா மாதா’ பக்தி உலகெங்கும் பரவிற்று. மதுரையில் 1953இல் நிறுவப்பட்ட பெண்கள் கல்லூரி இப்பெயரைத் தாங்குகிறது. தமிழகத்திலும் இலங்கையிலும் கத்தோலிக்கப் பெண்குழந்தைகள் இப்பெயரைப் பெற்றனர்.

மேய்ப்பரின் சொல்லாகப் பிறந்து, மற்றொரு கண்டத்தின் மேய்ப்புச் சிறார்களின் ஊடாகத் தமிழுக்கு வந்த பெயர் இது. இருவழியாகவும் வந்தது ஒரே சொல். தமிழிலே ‘ஃப’ ஒலிக்கு இயல்பான எழுத்து இல்லாமையால் இருவழி வடிவங்களும் ‘பாத்திமா’ என்ற ஒரே உருவை எய்தின. ஆங்கில எழுத்திலே முஸ்லிம்கள் பெரும்பாலும் தகரத்துக்கு ‘எச்’ சேர்ப்பர், கத்தோலிக்கர் சேர்ப்பதில்லை. மதத்தைப் பிரித்துக் காட்டுவது ஒரு ஆங்கில எழுத்தே. இத்தகைய இரட்டை வரவு இப்பெயருக்கு மட்டும் உரியதன்று. சூசையும் யூசுபும், மரியாயியும் மரியமும் இவ்வாறே ஒரு மூலத்தின் இரு கிளைகள்.

4

இலக்கியம் இப்பெயரை எவ்வாறு கையாண்டுள்ளது என்பதை இனி நோக்கலாம்.

தமிழிற் பாத்திமா காப்பியத் தகுதி பெறுவது உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலாகும். அதன் பாத்திமா திருமணப் படலத்தில், தமிழ்க் காப்பிய மரபு தனக்கு முன்னிருந்த திருமண வருணனைகளின் வழிநின்று நபிமகளாரை வரவேற்கின்றது. 17ஆம் நூற்றாண்டிலே கரையோர முஸ்லிம் வணிக வர்க்கம் செல்வாக்குப் பெற்று, புலவர்களைப் புரக்கும் நிலையை அடைந்திருந்தது. அவ்வர்க்கத்தின் அழகியலுக்கு மணக்கோலப் பாத்திமாவே உகந்தவர். ஆனால் இஸ்லாமிய மரபுரைகளிலே இன்னொரு பாத்திமா இருக்கிறார். திரிகை சுற்றிக் கைகள் காய்த்துப்போய், ஒரு பணியாளரை வேண்டித் தந்தையிடம் சென்றவர் அவர். பணியாளர் கிடைக்கவில்லை, ஓதுவதற்குரிய துதிமொழிகளே கிடைத்தன. இம்மரபுரையைச் சமயவாதிகள் பொறுமையின் இலக்கணமாக எடுத்துரைப்பர். நாம் அதனை, வீட்டுழைப்பின் சுமை பற்றி ஒரு பெண் வாய்திறந்து பேசிய சாட்சியமாகவும் வாசிக்க வேண்டும். காய்த்த கை மரபிலே பதிவாகியுள்ளது; காப்பியம் அதனை முன்னிலைப்படுத்தும் தேவையை உணரவில்லை.

அண்டைமொழியில் வைக்கம் முகம்மது பஷீர் 1959இல் வெளியிட்ட ‘பாத்துமாவின் ஆடு’ இத்தேவையை உணர்ந்த படைப்பு. தமிழிலும் நன்கறியப்பட்ட அக்குறுநாவலிலே பாத்துமா ஓர் ஏழைச் சகோதரி. ஆடு ஈன்றதும் பாலை விற்று வாழ்வைச் சற்று நிமிர்த்தலாம் என்பது அவளது கணக்கு. பிறந்தவீட்டாரோ அப்பாலுக்குப் பல வழிகளிற் பங்காளிகளாகின்றனர். வேரிலே பாலோடு தொடர்புடைய பெயர் பாலின் உடைமை பற்றிய கதையோடு சேர்ந்திருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் உழைக்கும் பெண்ணின் பால் அவளுக்குரியதாக நிற்பதில்லை என்ற உண்மை தற்செயலன்று. நகைச்சுவையின் அடியில் பஷீர் காட்டுவது குடும்பம் என்ற பொருளாதார நிறுவனத்தை.

தமிழிலே இப்பெயரின் கத்தோலிக்கக் கிளை இலக்கியத்திற்குள் நுழைந்த விதம் வேறு. 1992இல் ‘கருக்கு’ நூலின் மூலம் தலித் இலக்கியத்திற்குப் புதிய திசை காட்டிய பாமாவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் பவுஸ்தினா மேரி பாத்திமா ராணி. புனிதப்பெயர்கள் மூன்றும் அரசிப்பட்டமும் சேர்ந்த பெயர் அது. சாதி ஒடுக்குமுறையிலிருந்து விடுவிக்கும் என்று நம்பப்பட்ட சபைக்குள்ளும் சாதி நிலவியதையே அந்நூல் அம்பலப்படுத்தியது. பெயர் மாறியது; உற்பத்தி உறவும் சாதி உறவும் மாறவில்லை. புனிதப்பெயர் விடுதலையாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கியச் சான்று தேவையில்லை.

மலையக இலக்கியத்துக்கு வருவோம். ஊவா மண் தந்த முதன்மையான புனைகதையாசிரியர் தெளிவத்தை ஜோசப் (1934–2022). ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள தோட்டத்திற் பிறந்த அவர், பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் பெயரையே தமது பெயரின் முன்னே இட்டுக்கொண்டார். யூசுபின் கிளைப்பெயராகிய ஜோசப்புக்கு முன்னே தோட்டத்தின் பெயர் நிற்கிறது. சமயப்பெயருக்கு முன்பாக உழைப்பின் களத்தை நிறுத்திய இச்செயலை நாம் ஒரு இலக்கியக் கொள்கைப் பிரகடனமாகவே கொள்ளலாம். ‘காலங்கள் சாவதில்லை’ (1974) நாவலின் உலகம் அக்களத்திலிருந்தே எழுந்தது. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ பெண்ணின் நாளை எது அளக்கிறது என்பதைத் தலைப்பிலேயே கூறிவிடுகிறது.

ஆயினும் மலையகப் புனைகதைமீது நமக்கு ஒரு விமரிசனம் உண்டு. அதிலே முஸ்லிம் மனிதர் பெரிதும் கடைக்காரராகவே, கடன்கொப்பியின் மறுபுறத்தில் நிற்பவராகவே தோன்றுகின்றார். அந்தக் ‘கடை நானா’வின் வீட்டுக்குள்ளே இருக்கும் பாத்திமாவைக் கதை எட்டிப் பார்ப்பது அரிது. லயத்துப் பாத்திமாவும் கடைவீட்டுப் பாத்திமாவும் ஒரே பக்கத்திற் சந்திக்கும் கதைக்காக நாம் இன்னும் காத்திருக்கிறோம். வணிகருக்கும் தொழிலாளருக்குமிடையேயுள்ள வர்க்க முரண்பாடு மெய்யானது. அதனை மறைக்க வேண்டுமென்பது நமது கருத்தன்று. ஆனால் வர்க்க முரண்பாட்டைச் சமய முரண்பாடாக வாசகர் தவறாகப் புரிந்துகொள்ள இடமளிக்கும் சித்திரிப்பு யதார்த்தவாதத்தின் குறைபாடாகும்.

5

இப்போது பெயரின் வேர்ப்பொருளைத் தோட்டத்திலே வைத்துப் பார்க்கலாம்.

பால் மறக்கச் செய்தல் தமிழ்த்தாய்க்கு அந்நியமான செயலன்று. மார்பிலே வேப்பெண்ணெய் தடவிப் பிள்ளையை மெல்ல விலக்குவது கிராமத்து வழக்கம். எப்போது விலக்குவது என்பதைத் தீர்மானிப்பவர்கள் தாயும் வீட்டு மூத்த பெண்களுமாவர். பாலூட்டலை நிறைவுசெய்ய விரும்புவோருக்குத் திருக்குர்ஆன் முழுமையான இரண்டு ஆண்டுகளை வகுத்துள்ளதோடு, இருவரும் கலந்து இணங்கினால் முன்னதாகவும் நிறுத்தலாம் என அனுமதிக்கிறது. இங்கும் முடிவு பெற்றோருடையது.

தோட்டத்திலே இம்முடிவு யாருடையது? விடியலிற் பிரட்டுக்குப் போகவேண்டிய பெண், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறாள். பிள்ளைக் காம்பராக்கள் இன்று ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ எனப் பெயர் மாறியுள்ளன. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பேறுகால நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் விடுமுறையையும் பாலூட்டும் இடைவேளைகளையும் உரிமையாக்கியுள்ளன என்பது உண்மை. அவை தொழிலாளர் வர்க்கத்தின் வெற்றிகள். ஆனால் கொழுந்து மலைக்கும் காம்பராவுக்கும் இடையேயுள்ள தூரத்தைச் சட்டம் அளப்பதில்லை. இறங்கி ஏறும் நேரம் கூடையின் நிறையிற் குறைவாகத் தெரியும்.

அந்நிறை குறைந்தால் என்ன நேரும் என்பதைத் தோட்ட வழக்கு ஒரு சொல்லிலே சொல்கிறது: ‘அரைப்பேர்’. தோட்டத்து மொழியிலே ‘பேர்’ என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோலிற் பெயருக்கெதிரே முழுநாள் குறிக்கப்பட்டால் ஒரு பேர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மனிதரை அழைக்கும் சொல், மனிதரை எண்ணும் சொல், மனிதரின் உழைப்பை விலைமதிக்கும் சொல் ஆகிய மூன்றும் இங்கு ஒன்றாகிவிட்டன. உழைப்பு பண்டமாகும்போது உழைப்பவரின் பெயரே அலகாக மாறுவதை இவ்வளவு துல்லியமாகக் கூறும் கலைச்சொல்லை எந்தப் பொருளியல் நூலும் நமக்குத் தந்ததில்லை. மக்கள் தமது அனுபவத்திலிருந்து தாமே அதனை ஆக்கிக்கொண்டனர்.

எனவே, பிள்ளைக்குப் பாலூட்ட இறங்கும் தாய் தன் பெயரிற் பாதியை இழக்கும் அபாயத்தில் இருக்கிறாள். பாலைக் காக்க முனைந்தால் பேர் குறையும். பேரைக் காக்க முனைந்தால் பால் குறையும். இந்நிலையிலே பிள்ளையைப் பால் மறக்கச் செய்பவள் தாயல்லள், தோட்டத்தின் நேரமே. ‘பாத்திமா’ என்ற வினையின் எழுவாய் இடம்பெயர்ந்துவிட்டது. மேய்ப்பர் சமூகத்திலே செய்பவளாக இருந்தவள், தோட்ட முதலாளித்துவத்திலே செய்யப்படுபவளாகிறாள். சமயவிளக்கத்திலே அருளாற் பிரிக்கப்பட்டவளாக நின்றவள், இங்கே ஊதியத்தாற் பிள்ளையினின்றும் பிரிக்கப்படுகிறாள். அவளது பெயர் பாத்திமாவாயினும் மாரியாயியாயினும் இதில் வேறுபாடில்லை. ஆண், பெண் தொழிலாளருக்குச் சமமான நாட்கூலி 1984இலேதான் கிடைத்தது என்பதையும், ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021இலேதான் நடைமுறைக்கு வந்தது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

6

தோட்டத்தின் செக்ரோலுக்கு அப்பால் அரசின் பதிவேடு இருக்கிறது. குடியேற்றக் காலத்தில் தொழிலாளியின் கழுத்திலே கட்டப்பட்ட தகரத்துண்டிற் பெயர் இல்லை. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் இலக்கமுமே இருந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின்பின் நிலைமை தலைகீழாயிற்று. பெயர் எழுதப்பட்ட காகிதமின்றி மனிதர் இல்லை என்றாயிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர்; குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. இடையறாது வதிந்தமையை ஆவணத்தால் நிறுவவேண்டியிருந்த மக்களுக்கு, ஓர் ஆவணத்துப் பெயரும் மற்றோர் ஆவணத்துப் பெயரும் ஒத்திருத்தல் வாழ்க்கைப் பிரச்சினையாயிற்று.

தமிழ்ப் பகரம் மூன்று ஒலிகளுக்கு இடந்தரும். சிங்களத்திலோ ‘ஃப’ ஒலிக்குத் தனி எழுத்து உண்டு. பாத்திமா என்று தமிழிற் சொல்லப்பட்ட பெயரை ஓர் எழுதுவினைஞர் பகரமாகவும், இன்னொருவர் ‘ஃப’ ஆகவும், ஆங்கிலத்தில் ஒருவர் ‘எச்’ சேர்த்தும், ஒருவர் சேர்க்காமலும் எழுதக்கூடும். ஒரு பெண் காகிதத்திலே நால்வராகிவிடலாம். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறுபட்டமையால் ஊழியர் சேமலாப நிதியைப் பெற அலைந்தோரின் துயர் தோட்டங்களில் யாவரும் அறிந்ததே. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்த்தது; எழுத்துப் பிரச்சினையை அது தீர்க்கவில்லை.

இன்னொரு பதிவேடும் உண்டு. அது அச்சிடப்படாதது, மனங்களில் எழுதப்படுவது. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்கள்மீதும் விடுதிகள்மீதும் நிகழ்ந்த கொடிய தாக்குதல்களின் பின், அரபுப் பெயர் என்பதே பலரின் பார்வையிற் சந்தேகத்தின் குறியாயிற்று. கத்தோலிக்கர் மன்றாடும் அன்னையின் பெயரும், சந்தேகத்துக்குள்ளான முஸ்லிம் வீட்டுப் பெண்ணின் பெயரும் ஒன்றே என்பதை அவ்வேளையில் எடுத்துச் சொன்னவர் மிகச் சிலர். பெயரின் வரலாறு அறியப்படாத இடத்தில் பெயர் மதிலாகிறது. அம்மதிலின் இருபுறமும் அரைப்பேர் வாங்குவோர் நிற்கின்றனர் என்பதை மறைப்பதே இனவாதத்தின் பணி.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, பாத்திமா என்ற பெயரின் தோற்றம் சமயத்தில் அன்று, பால், கன்று, தாய் ஆகியவற்றைச் சூழ்ந்த உழைப்பு வாழ்விலே உள்ளது. சமயம் அதனை ஏற்றுப் பெருமைப்படுத்தியது. இரண்டாவது, தமிழிலே அதன் இரு கிளைகளும் ஒரே மூலத்தவை. அவற்றை இரு சமூகங்களின் தனிச்சொத்தாகக் கொள்வது வரலாற்றுக்கு முரணானது. மூன்றாவது, ஊவாத் தோட்டத்திலே அதன் வேர்ப்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது; ஆனால் தலைகீழாக நிற்கிறது.

மலையக மக்களின் பெயர்களைச் சேகரித்து, சமயவாரியாக அன்றித் தொழில், தோட்டம், தலைமுறை என்ற அடிப்படையிலே ஆராயும் பணி நமது பல்கலைக்கழகங்களின் முன்னுள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) மூலம் பாடல்களுக்குச் செய்த தொண்டு பெயர்களுக்கும் செய்யப்படவேண்டும். அவ்வாய்வு செக்ரோல்களையும் பிறப்புப் பதிவேடுகளையும் மட்டுமன்றி, பிள்ளைக் காம்பராவின் வாசலில் தாய்மார் தம் பிள்ளைகளை அழைக்கும் பெயர்களையும் கேட்கவேண்டும். தன் பிள்ளை எப்போது பால் மறக்கவேண்டும் என்பதைத் தாயே தீர்மானிக்கும் நாளிலேதான் இப்பெயரின் வினைக்கு உரிய எழுவாய் மீண்டு வரும். அகராதி எழுதுவோரால் அதனைக் கொண்டுவர முடியாது; கொழுந்து பறிப்போரால் முடியும்.